மூச்சு இழுக்கும் தசை: முதுமையில் யாரும் அளந்து பார்க்காத பலம்

எழுபது வயதைத் தாண்டிய ஒருவர் "மாடி ஏறினாலே மூச்சு வாங்குது" என்று டாக்டரிடம் சொன்னால் வழக்கமாக என்ன நடக்கும்? ஈசிஜி, எக்கோ, மார்பு எக்ஸ்ரே, ஹீமோகுளோபின் எவ்வளவு என்று ஒரு ரத்தப் பரிசோதனை. சந்தேகம் இருந்தால் குழாயில் ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரி. எல்லாம் ஓரளவு சரியாக இருந்துவிட்டால், "வயசாச்சு, அப்படித்தான் இருக்கும்" என்ற பதிலோடு வீடு திரும்ப வேண்டியதுதான். இந்தப் பட்டியலில் ஒன்று விட்டுப்போகிறது. மூச்சை உள்ளே இழுக்கும் தசைகளுக்கு இன்னும் எவ்வளவு பலம் இருக்கிறது என்பதைப் பெரும்பாலும் யாரும் பார்ப்பதில்லை. பார்ப்பதற்கு ஊசி வேண்டாம், ஸ்கேன் வேண்டாம், சில நிமிடம் போதும். குறைவு தெரிந்தால் அதைப் பயிற்சியால் ஏற்றவும் முடியும். கை கால் தசைக்கு உள்ள அதே விதிதான் இந்தத் தசைக்கும்.

ஆனால் தசைக்குப் பலம் ஏறுவது ஒன்று, அதனால் ஆளுக்கு நன்மை கிடைப்பது வேறொன்று. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் இந்தப் பயிற்சிக்கு ஒரு பக்கம் அளவு மீறிய விளம்பரமும் இன்னொரு பக்கம் முழு அலட்சியமும் கிடைக்கின்றன.

இழுப்பது யார்?

நுரையீரலுக்குத் தானாக விரியத் தெரியாது. மார்புக்கும் வயிற்றுக்கும் நடுவே குவிமாட வடிவில் இருக்கும் உதரவிதானம் சுருங்கிக் கீழே இறங்குகிறது. விலா எலும்புகளுக்கு இடையிலுள்ள தசைகள் விலாக்கூட்டைத் தூக்குகின்றன. மார்புக்குள் அழுத்தம் குறைந்து காற்று உள்ளே வருகிறது. அமைதியாக இருக்கும்போது உதரவிதானம் ஒன்றிரண்டு சென்டிமீட்டர்தான் இறங்கும். ஆழமாக இழுத்தால் 10 சென்டிமீட்டர் வரைகூடப் போகும். மூச்சு இரைக்கும்போது கழுத்துத் தசைகளும் சேர்ந்துகொள்ளும். மாடி ஏறி வந்து நிற்கும் பெரியவரின் கழுத்தில் இரண்டு பக்கமும் தசை புடைத்து எழுவதைப் பார்த்திருப்பீர்கள், அது இந்த வேலைதான். மூச்சை வெளியே விட, ஓய்வில் இருக்கும்போது, எந்தத் தசையும் உழைக்க வேண்டியதில்லை; விரிந்த நுரையீரல் தானே சுருங்கிக்கொள்ளும். இருமவும், ஊதவும், வேகமாக நடக்கவும்தான் வயிற்றுத் தசைகள் களத்தில் இறங்கும்.

இது ஒரு நாளைக்குச் சுமார் 20,000 தடவை நடக்கிறது. "நாள் முழுக்க உழைக்கிற தசைக்குத் தனியாக என்ன பயிற்சி?" என்று கேட்டால் அது நியாயமான கேள்வி. பதில் சுமையில் இருக்கிறது. மூச்சின் அழுத்தத்தை இத்தனை சென்டிமீட்டர் தண்ணீர் என்ற கணக்கில்தான் சொல்வார்கள். உட்கார்ந்திருக்கும்போது ஒரு மூச்சுக்கு 5 சென்டிமீட்டர் அளவு இருந்தால் போதும். ஆரோக்கியமான இளைஞர் முழுப் பலத்தோடு இழுத்தால் 100-க்கு மேல் காட்டுவார். லேசான சுமையிலேயே ஓடிக்கொண்டிருக்கும் தசை களைக்காமல் தாக்குப்பிடிக்கும், பலம் கூடாது. நாள் முழுக்க வீட்டுக்குள் நடமாடுகிறவருக்கும் தொடைத் தசை தேய்ந்துபோவதில்லையா, அதே கதைதான்.

வயது ஏற ஏற இரண்டு பக்கமும் நெருக்குகிறது. விலா எலும்பை மார்பெலும்போடு இணைக்கும் குருத்தெலும்பு கெட்டிப்படுகிறது, முதுகு கொஞ்சம் கூன் விழுகிறது, விலாக்கூடு விரிய மறுக்கிறது. அதாவது ஒவ்வொரு மூச்சுக்கும் செலவாகும் உழைப்பு கூடுகிறது. அதே சமயம் உழைக்கிற தசை மெலிகிறது. வயதானவர்களின் உதரவிதானத்தை இளைஞர்களோடு ஒப்பிட்ட ஆய்வுகளில் பலம் 13 முதல் 25 சதவீதம் வரை குறைவாக இருந்தது. இன்னொன்றும் உண்டு: நுரையீரல் தன் சுருங்கும் தன்மையை இழப்பதால், முழுக்க வெளியே விட்ட பிறகும் உள்ளே தங்கும் காற்று கூடிக்கொண்டே போகிறது. அதனால் உதரவிதானம் கொஞ்சம் தட்டையாகவே உட்கார்ந்திருக்கிறது. தட்டையான உதரவிதானத்துக்குச் சுருங்க இடம் குறைவு, இழுக்கும் விசையும் குறைவு. சிஓபிடி என்ற நாள்பட்ட மூச்சடைப்பு நோய் உள்ளவர்களிடம் இது கடுமையாகத் தெரியும்.

நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்வரை இதெல்லாம் வெளியே தெரியாது. கையிருப்பு கரைந்திருப்பது மூன்று சமயங்களில் தெரியவரும்: படி ஏறும்போது, நிமோனியா வந்து படுக்கும்போது, பெரிய ஆபரேஷனுக்குப் பிறகு.

மூச்சு முட்டுகிறது என்ற உணர்வுக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு உண்டு. ஒரு தசையின் முழுப் பலத்தில் எவ்வளவு பங்கு செலவாகிறது என்பதை மூளை கவனித்துக்கொண்டே இருக்கிறது. 80 சென்டிமீட்டர் பலம் இருப்பவருக்கு 20 சென்டிமீட்டர் வேலை கால் பங்கு. 40 இருப்பவருக்கு அதே வேலை பாதிப் பங்கு. நுரையீரல் ஒன்றேதான், படிகள் ஒன்றேதான், ஆனாலும் இரண்டாமவருக்கு மூச்சு முட்டும். இதோடு கால்களுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. மூச்சுத் தசைகள் களைத்தால் உடல் கை கால்களுக்குப் போகும் ரத்தக் குழாய்களைச் சுருக்கி, மூச்சுக்கு ரத்தத்தைத் திருப்பிவிடுகிறது. 1997-இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் டெம்ப்சியின் குழு இதைச் சைக்கிள் ஓட்டிகளிடம் அளந்து காட்டியது. மூச்சின் சுமையைக் கருவியால் குறைத்தபோது காலுக்குப் போகும் ரத்தம் கூடியது, சுமையைக் கூட்டியபோது குறைந்தது. அவர்கள் நல்ல பயிற்சி பெற்ற இளைஞர்கள், உச்ச வேகத்தில் ஓட்டியவர்கள் என்பதை மறக்கக் கூடாது. ஆனால் பலம் குறைந்தவருக்கு அந்த எல்லை மெதுவான நடையிலேயே வந்துவிடலாம்.

அளப்பது எப்படி?

நோயாளி மூச்சை முழுக்க வெளியே விட்டுவிட்டு, அடைத்த குழாயில் உதட்டை இறுக்கி வைத்து, முடிந்த மட்டும் பலமாக இழுக்க வேண்டும். குறைந்தது ஒரு நொடி அந்த இழுப்பு நிற்க வேண்டும். குழாயில் சின்னதாக ஒரு துளை விட்டிருப்பார்கள். கன்னத்தைக் குழித்து உறிஞ்சி ஏமாற்ற முடியாதபடி அது பார்த்துக்கொள்ளும். பல தடவை செய்து அதிகமான எண்ணை எடுத்துக்கொள்வார்கள். இந்த முறையை 1969-இல் பிளாக், ஹயாட் என்ற இருவர் வயதுவாரியான அளவுகளோடு எழுதி வைத்தார்கள். இன்றும் அடிப்படை அதுதான்.

இந்த எண்ணைப் படிப்பதில் ஒரு எச்சரிக்கை தேவை. நல்ல எண் வந்தால் தசை பலமாக இருக்கிறது என்று நம்பலாம். குறைவான எண் வந்தால் உடனே முடிவு கட்டக் கூடாது. உதடு ஓரம் காற்று ஒழுகியிருக்கலாம், பல்செட் இல்லாமல் பிடிப்பு கிடைக்காமல் போயிருக்கலாம், என்ன செய்யச் சொல்கிறார்கள் என்பதே புரியாமல் இருந்திருக்கலாம். வேறொரு நாள் மறுபடி அளந்து பார்ப்பதுதான் முறை.

முப்பது மூச்சு

மூச்சுத் தசையைப் பயிற்சியால் ஏற்ற முடியும் என்று முதலில் தெளிவாகக் காட்டியவர்கள் லீத், பிராட்லி என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள், 1976-இல். ஐந்து வாரப் பயிற்சியில் பலத்துக்காகப் பயிற்சி எடுத்தவர்களின் பலம் சுமார் 55 சதவீதம் ஏறியது. நீண்ட நேரம் வேகமாக மூச்சு விடும் பயிற்சி எடுத்தவர்களுக்கோ தாக்குப்பிடிக்கும் திறன் ஏறியது, பலம் ஏறவில்லை. எதைப் பயிற்றுகிறோமோ அதுதான் வளரும். இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டால் சந்தையில் கிடைக்கும் கருவிகளில் பாதியை நாமே எடை போட்டுவிடலாம்.

இன்று அதிகம் பயன்படுவது ஸ்பிரிங் வால்வு வைத்த, உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு பிளாஸ்டிக் குழாய். குமிழைத் திருகினால் ஸ்பிரிங் இறுகும். குறித்து வைத்த அழுத்தத்துக்கு இழுத்தால்தான் வால்வு திறக்கும்; அதற்குக் குறைவாக இழுத்தால் ஒரு துளி காற்றும் வராது. மெதுவாக உறிஞ்சித் தப்பிக்க முடியாது என்பதுதான் இதன் சிறப்பு.

செய்கிறவரைப் பக்கத்தில் இருந்து பார்த்தால் இப்படி இருக்கும். கைப்பிடி இல்லாத நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்கிறார். மூக்குக்கு ஒரு கிளிப். உதட்டை இறுக்கி, உள்ளே இருக்கும் காற்றையெல்லாம் கடைசிவரை வெளியே விடுகிறார். பிறகு ஒரே மூச்சில், வேகமாக, பலமாக இழுக்கிறார். வால்வு திறந்து 'ஸ்ஸ்' என்று சத்தம் வருகிறது, மார்பு முழுக்க நிறைகிறது. வெளியே விடுவது மட்டும் நிதானமாக. அப்புறம் ஒரு சின்ன இடைவெளி, அடுத்த மூச்சு. முதல் பத்து சுலபமாகப் போகும். இருபதை நெருங்கும்போது சத்தம் குறுகும், மார்பு நிறைவதற்கு முன்பே வால்வு மூடிக்கொள்ளும். தசை உண்மையாகவே உழைக்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம். முப்பதில் நிறுத்திவிடலாம். காலையில் 30, மாலையில் 30. ஒரு தடவைக்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது.

சுமை எவ்வளவு? பொதுவாக அளந்த பலத்தில் 30 சதவீதத்தில் தொடங்கி, பழகப் பழக 50 வரை ஏற்றுவார்கள். முப்பதும் சிரமமில்லாமல் முடிகிற வாரத்தில் குமிழை இன்னும் கொஞ்சம் திருக வேண்டும். பலரும் கோட்டைவிடுவது இங்கேதான். வாங்கிய நாளில் வைத்த அளவிலேயே மாதக்கணக்கில் இழுத்துக்கொண்டிருந்தால் பலம் ஏறாது. தலை சுற்றினால் அவசரமாக மூச்சு விட்டு ரத்தத்தில் கரியமில வாயுவைக் குறைத்துவிட்டார் என்று அர்த்தம். மூச்சுக்கு மூச்சு இடைவெளியைக் கூட்டினால் பெரும்பாலும் சரியாகிவிடும். ஒருவர் கருவியை இன்னொருவர் பயன்படுத்தக் கூடாது.

இங்கே மூன்று பந்து ஸ்பைரோமீட்டரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பிய பலரிடமும் அது இருக்கும். நொடிக்கு 600 மில்லிலிட்டர் வேகத்தில் இழுத்தால் முதல் பந்து, 900-க்கு இரண்டாவது, 1,200-க்கு மூன்றாவது மேலே எழும். அது காற்றின் வேகத்தைக் காட்டுகிற கருவி. படுத்தே கிடந்ததால் மூடிக்கொண்ட நுரையீரலின் அடிப்பகுதியைத் திறக்க, ஆழ்ந்து இழுத்துப் பிடித்துவைக்கப் பழக்குவதற்காகத் தருவார்கள். டாக்டர் சொன்னால் அதற்காகச் செய்யுங்கள். ஆனால் அதில் தசைக்கு எதிராக நிற்கும் சுமை என்று எதுவும் நிர்ணயிக்கப்படவில்லை. மூன்று பந்தும் எழுந்துவிட்டால் அதற்கு மேல் ஏற்ற வழியும் இல்லை. பலூன் ஊதுவது உள்ளே இழுக்கும் தசைக்கான பயிற்சியே கிடையாது, அது வெளியே தள்ளும் தசைகளின் வேலை.

பலம் ஏறுகிறது, சரி. பிறகு?

2015-இல் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் ட்ரென்ட் பல்கலைக்கழகக் குழு ஒன்று, ஆரோக்கியமான முதியவர்களுக்கு எட்டு வாரப் பயிற்சி கொடுத்துப் பார்த்தது. இழுக்கும் பலம் 34 சதவீதம் கூடியது. உதரவிதானத்தின் தடிமன்கூட அல்ட்ராசவுண்டில் கூடித் தெரிந்தது. ஆனால் ஆறு நிமிடத்தில் நடக்கும் தூரம் கூடவில்லை, நுரையீரல் அளவுகள் மாறவில்லை, வாழ்க்கைத் தரக் கேள்விகளுக்கான பதில்களும் மாறவில்லை. சிஓபிடி நோயாளிகள் 219 பேரை வைத்து நடந்து 2018-இல் வெளியான ஐரோப்பிய ஆய்விலும் கிட்டத்தட்ட அதே கதை. ஏற்கெனவே முழு உடற்பயிற்சித் திட்டத்தில் இருந்தவர்களுக்கு மூச்சுத் தசைப் பயிற்சியையும் சேர்த்தபோது பலம் கூடியது, நடைத்தூரத்தில் கூடுதல் லாபம் வரவில்லை.

இந்த இரண்டையும் வைத்துப் பயிற்சியே வீண் என்று சொல்லிவிடுகிறவர்கள் உண்டு. எனக்கு அது சரியாகப் படவில்லை. நடப்பதற்குத் தடையாக இருந்தது மூச்சுத் தசையாக இருந்தால்தானே அதைப் பலப்படுத்தியதும் நடை கூடும்? ஆரோக்கியமான முதியவரைக் கட்டுப்படுத்துவது காலாக இருக்கலாம், இதயமாக இருக்கலாம். 2006-இல் பிரேசிலில் இதயச் செயலிழப்பு உள்ளவர்களில் இழுக்கும் பலம் எதிர்பார்க்க வேண்டிய அளவில் 70 சதவீதத்துக்கும் கீழே இருந்தவர்களை மட்டும் தேர்ந்தெடுத்து 12 வாரம் பயிற்சி கொடுத்தார்கள். அவர்களுக்குப் பலம் மட்டுமல்லாமல் நடைத்தூரமும், உடல் உழைப்பில் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் திறனும் கூடின. 32 பேரைக் கொண்ட சின்ன ஆய்வுதான். ஆனால் பலவீனம் இருக்கிற இடத்தில் பயிற்சியைக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு நல்ல உதாரணம். முதலில் அளக்க வேண்டும் என்று வற்புறுத்துவது இதற்காகத்தான்.

ஆபரேஷனுக்கு முன்னால் செய்யும் பயிற்சிக்கு எனக்குத் தெரிந்து இன்னும் உறுதியான ஆதாரம் இருக்கிறது. நெதர்லாந்தில் இதய பைபாஸ் ஆபரேஷனுக்குக் காத்திருந்தவர்களில், நுரையீரல் சிக்கல் வரும் வாய்ப்பு அதிகமாக இருந்த 279 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பகுதியினர் குறைந்தது இரண்டு வாரம், தினம் 20 நிமிடம் மூச்சுத் தசைப் பயிற்சி செய்துவிட்டு ஆபரேஷனுக்குப் போனார்கள். பிறகு நுரையீரல் சிக்கல் வந்தது அவர்களில் 18 சதவீதத்தினருக்கு. வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் 35 சதவீதத்தினருக்கு. 2006-இல் வெளியான இந்த முடிவு ஏன் அர்த்தமுள்ளது என்றால், ஆபரேஷனுக்கு அடுத்த நாள் வலியோடு, மயக்க மருந்தின் மிச்சத்தோடு, சளியை இருமித் துப்ப வேண்டியிருக்கும். கையிருப்பு தேவைப்படுவது சரியாக அந்தச் சில நாட்களில்தான். தேதி குறித்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருக்கும் பெரியவர்கள் எத்தனையோ பேர். அந்தக் காத்திருப்பை வீணாக்காமல் இருக்க டாக்டரிடம் தாங்களாகவே கேட்கலாம்.

வென்டிலேட்டரில் இருப்பவர்களின் நிலை இன்னும் மோசம். 2008-இல் வெளியான ஓர் ஆய்வு, 18 முதல் 69 மணி நேரம் உதரவிதானம் அசையாமல் இயந்திரமே மூச்சு கொடுத்ததில் அந்தத் தசையின் இழைகள் பாதிக்கும் மேல் மெலிந்துவிட்டதைக் காட்டியது. வாரங்கள் அல்ல, மூன்று நாளுக்குள். இயந்திரத்திலிருந்து விடுபட முடியாமல் தவித்த 69 பேரிடம் அமெரிக்காவில் பயிற்சி கொடுத்துப் பார்த்தபோது, பயிற்சி பெற்றவர்களில் 71 சதவீதத்தினர் விடுபட்டார்கள், மற்றவர்களில் 47 சதவீதத்தினர்.

இரண்டு புதிய விஷயங்களையும் சொல்லிவிடுகிறேன். ஒன்று ரத்த அழுத்தம். கொலராடோ பல்கலைக்கழகத்தில் 50 முதல் 79 வயதுவரை உள்ள, மேல் அழுத்தம் கூடியிருந்த 36 பேரில் ஒரு பிரிவினர் முழுப் பலத்தில் 75 சதவீதச் சுமையில் தினம் 30 மூச்சு, வாரம் ஆறு நாள், ஆறு வாரம் இழுத்தார்கள். அவர்களின் மேல் அழுத்தம் சராசரியாக 9 புள்ளி இறங்கியது. 2021-இல் வந்த இந்த ஆய்வு நம்பிக்கை தருகிறது, ஆனால் இதை நம்பி யாரும் மாத்திரையை நிறுத்தக் கூடாது. 36 பேர் என்பது சின்ன எண்ணிக்கை. இன்னொன்று நிலைதடுமாறாமல் நிற்பது. உதரவிதானம் இறங்கும்போது வயிற்றுக்குள் அழுத்தம் கூடி முதுகெலும்புக்கு முட்டுக்கொடுக்கிறது. 2019-இல் போர்ன்மத் பல்கலைக்கழக ஆய்வில் எட்டு வாரப் பயிற்சிக்குப் பிறகு முதியவர்களின் உடல் சமநிலை மதிப்பெண் மேம்பட்டது. அதனால் கீழே விழுவது குறைகிறதா என்பது அந்த ஆய்வு அளந்த விஷயம் அல்ல.

வெளியே தள்ளும் தசைகள்

இவ்வளவு நேரம் இழுப்பதைப் பற்றியே பேசினோம். வயதானவர்களுக்கு இருமல் அதே அளவு முக்கியம். தண்ணீர் குடிக்கும்போது புரையேறினால், அதை மூச்சுக்குழாயிலிருந்து வெளியே தள்ளுவது வயிற்றுத் தசைகளின் வெடிப்பு போன்ற சுருக்கம். அது பலவீனமானால் உள்ளே போன துளி உள்ளேயே தங்கி நிமோனியா ஆகிறது. இதற்கென்றே, ஊதினால் மட்டும் திறக்கும் வால்வுக் கருவிகள் இருக்கின்றன. 2010-இல் பார்க்கின்சன் நோயுள்ள 60 பேரிடம் நடந்த ஆய்வில், நான்கு வாரம் பலமாக ஊதிப் பழகியவர்களுக்கு விழுங்கும்போது உணவு மூச்சுக்குழாய்க்குள் போவது குறைந்தது. பலமாக ஊதும்போது தொண்டைக்கு மேலுள்ள, குரல்வளையைத் தூக்கும் தசைகளும் சேர்ந்து உழைப்பதுதான் காரணம் என்று கருதுகிறார்கள். வீட்டில் பெரியவர் சாப்பிடும்போது அடிக்கடி செருமினாலோ, தண்ணீருக்கே புரையேறினாலோ, கருவி வாங்குவதற்கு முன் விழுங்கும் திறனைப் பரிசோதிக்கும் ஸ்பீச் தெரபிஸ்டைப் பாருங்கள்.

யார் செய்யக் கூடாது?

இழுக்கும் பயிற்சி மார்புக்குள் பெரிய அழுத்த மாற்றத்தை உண்டாக்குகிறது. அதனால் சமீபத்தில் நுரையீரலைச் சுற்றிக் காற்று கசிந்தவர்கள், விலா எலும்பு முறிந்தவர்கள், செவிப்பறை கிழிந்தவர்கள், கண்ணிலோ மார்பிலோ வயிற்றிலோ ஆபரேஷன் செய்து இன்னும் ஆறாதவர்கள், சமீபத்தில் மாரடைப்பு வந்தவர்கள், அடிக்கடி மோசமாகும் ஆஸ்துமா உள்ளவர்கள் டாக்டர் அனுமதி இல்லாமல் தொடக் கூடாது. எலும்பு மிகவும் பலவீனமானவர்களும் அப்படித்தான். இதயச் செயலிழப்பு உள்ளவர் பயிற்சி தொடங்கியபின் கால் வீங்கினாலோ, படுத்தால் மூச்சு முட்டினாலோ உடனே நிறுத்த வேண்டும். புதிதாக வந்த மூச்சுத் திணறலுக்குக் காரணம் தெரியாமல் கருவி வாங்குவது எல்லாவற்றையும்விட ஆபத்து. அது இதயத்தின் எச்சரிக்கையாகவோ நுரையீரலில் ரத்தக்கட்டியாகவோ இருக்கலாம்.

நடக்க முடிகிறவர் நடையைக் குறைத்துவிட்டு இதைச் செய்யக் கூடாது. கால் தசை, இதயம், எலும்பு எல்லாவற்றுக்கும் நடைதான் வேலை கொடுக்கிறது. மூட்டு வலியாலோ, மூச்சு முட்டுவதாலோ நடக்கவே முடியாதவர்களுக்குத்தான் இந்தப் பயிற்சி ஒரு தொடக்கமாக இருக்க முடியும். நாற்காலியில் உட்கார்ந்தபடியே செய்யலாம் என்பது அவர்களுக்குப் பெரிய விஷயம்.

முதல் அளவீட்டுக்குப் பிறகு ஆறு அல்லது எட்டு வாரத்தில் ஒரு பிசியோதெரபிஸ்டிடம் மறுபடி அளந்து பார்க்கலாம். பலம் ஏறியும் மூச்சு வாங்குவது அப்படியே இருந்தால், தடை வேறெங்கோ இருக்கிறது. தேடலை அந்தப் பக்கம் திருப்ப வேண்டும். பலமும் ஏறி மூச்சும் இலகுவானால், அதற்குப் பிறகு தினமும் செய்ய வேண்டியதில்லை, வாரத்தில் இரண்டு மூன்று நாள் போதும். முழுக்க விட்டுவிட்டால் சில மாதங்களில் ஏறியது இறங்கிவிடும். நடுவில் காய்ச்சலோ சளியோ வந்து படுத்துவிட்டால், எழுந்தபின் பழைய அளவிலேயே இழுக்கப் பார்க்காமல் குமிழைப் பாதிக்குத் தளர்த்திவிட்டு அங்கிருந்து ஏற்றிக்கொண்டு வாருங்கள்.